கப்பல் ஏறுமுன் மயாமி பீச்சில் சில நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மயாமியிலிருந்து கரீபியன் க்ரூஸ் (உல்லாசக் கப்பல் பயணம்) போகப் பதிவு செய்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், அடுத்த வாரமே அவரிடமிருந்து ஒரு கேள்விப் பட்டியல் வரும். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துக் கூட்டிப்போகிறவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், புதுமணத் தம்பதிகள் என்று ஆள்தான் மாறுமே தவிர சந்தேகங்கள் மாறுவதில்லை. நாலு தடவை போய்வந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். நடுநடுவே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: கப்பலுக்கு முந்தைய நாளைக் காலியாக விடுங்கள்.

கப்பல் மாலை நாலு மணிக்குத்தானே? அன்று காலை விமானத்தில் வந்து இறங்கினால் ஆகாதா?

ஆகும், எல்லாம் சரியாக நடந்தால். விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் கதை வேறு. பயணிகளின் இறுதிப் பட்டியலைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே அமெரிக்க எல்லைக் காவல் துறைக்குக் கப்பல் நிறுவனம் அனுப்பியாக வேண்டும். அதனால் நாலு மணிக் கப்பலுக்கு மூன்று மணிக்கோ அதற்கும் முன்போ கதவு அடைபட்டுவிடும். பணம் கட்டியவர் என்பதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாமே என்பார்கள். அதற்கான விமானச் செலவு உங்களுடையது. பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு 1886-ஆம் ஆண்டின் பயணிக் கப்பல் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் பதிவான கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்குவதை அது கட்டுப்படுத்துகிறது. மயாமியிலிருந்து போகும் பெரிய கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுபவை. கீ வெஸ்ட்டும் ஃபுளோரிடாவில்தான் இருக்கிறது. ஆகவே 'கீ வெஸ்ட்டில் பிடித்துக்கொள்கிறேன்' என்று நீங்களாகவே முடிவெடுக்க முடியாது.

எங்கள் முதல் பயணம் ஜனவரியில். வடக்கே பனி கொட்டியதில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டோம். நாங்கள் நள்ளிரவில் வந்து சேர்ந்தோம், பெட்டிகள் மறுநாள் சாயங்காலம் வந்தன. இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பியிருந்ததால் அது வெறும் எரிச்சலோடு போயிற்று. இல்லாவிட்டால் ஏழு நாளும் ஒரே சட்டைதான்.

எத்தனை இரவு தங்கலாம்?

அமெரிக்காவுக்குள்ளிருந்தே வருகிறீர்கள் என்றால் இரண்டு. இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு மூன்று. தூக்கம் சரியாகவே இரண்டு நாள் பிடிக்கும். நாலுக்கு மேல் போனால் கையிருப்பு கரையும், கடலும் சலித்துவிடும், கப்பலில் பார்க்கப்போவதும் அதே கடல்தானே. ஓர் இரவு என்பது குறைந்தபட்சம்.

மயாமிக் கப்பல் என்றால் மயாமியிலிருந்துதான் புறப்படுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் புத்திசாலிகள். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் மூன்று பெரிய க்ரூஸ் துறைமுகங்கள் இருக்கின்றன. போர்ட் மயாமி என்பது நகர மையத்துக்கு எதிரே, பிஸ்கேன் விரிகுடாவில் டாட்ஜ் தீவின் மேல் இருக்கிறது. போர்ட் எவர்கிளேட்ஸ் இருப்பது வடக்கே ஃபோர்ட் லாடர்டேலில், ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளி. போர்ட் கனாவரல் ஆர்லாண்டோ பக்கம், காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். பயணச்சீட்டில் துறைமுகத்தின் பெயரைத் தேடிப் படியுங்கள்.

போர்ட் மயாமிதான் என்று உறுதியானதும் முனையத்தின் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ, பி, எஃப், வி என்று எழுத்துகளாலேயே முனையங்களை அழைக்கிறார்கள். டாக்ஸிக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். நாங்கள் முதல் தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தங்குவதற்கு எந்தப் பகுதி?

மயாமி வேறு, மயாமி பீச் வேறு. இரண்டும் தனித்தனி நகராட்சிகள். நடுவே விரிகுடா, அதைக் கடக்கப் பாலச்சாலைகள். கடற்கரைக்காகத்தானே வருகிறோம், அதனால் பீச் பக்கமே தங்கலாம்.

1-ஆம் தெருவிலிருந்து 23-ஆம் தெரு வரை சவுத் பீச். எதற்கும் நடந்தே போகலாம், இரவில் சத்தம் அடங்காது. ஓஷன் டிரைவ் என்ற கடற்கரைச் சாலை மேலேயே அறை எடுத்தால் விடிய விடிய பாட்டுக் கேட்கலாம், நீங்கள் கேட்க விரும்பாத பாட்டாக. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு என் சிபாரிசு 23-க்கு மேல் 63-ஆம் தெரு வரையுள்ள மிட் பீச். கடல் அதே கடல்தான், கூட்டம் பாதிகூட இருக்காது. அதற்கும் வடக்கே நார்த் பீச், இன்னும் அமைதி. பெரும்பாலும் வாடகையும் குறைவு.

இணையத்தில் தெரியும் வாடகையை நம்பிவிடாதீர்கள். அதன் மேல் வரி 14 சதவீதம். அது போக 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒரு நாளுக்கு இவ்வளவு என வசூலிப்பார்கள். கடற்கரை நாற்காலி, துண்டு, வைஃபை எல்லாம் அதில் அடக்கம். நாற்காலியில் உட்காராவிட்டாலும் கட்டணம் உண்டு. எனவே உட்காருங்கள்.

வாடகைக் கார் எடுக்கட்டுமா?

வேண்டாம். பீச்சில் காரை நிறுத்துவதற்குக் கொடுப்பதில் நல்ல சாப்பாடே சாப்பிடலாம். எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தைப் (துறைமுகம் அல்ல) பார்க்கப் போகும் ஒரு நாளுக்கு மட்டும் எடுத்து அன்றே திருப்பிக் கொடுங்கள்.

மயாமி விமான நிலையத்திலிருந்து பீச்சுக்கு 150 என்ற எண்ணுள்ள பேருந்து ஓடுகிறது. கட்டணம் குறைவுதான். பெட்டி அதிகமென்றால் ஊபரோ டாக்ஸியோதான். பீச்சுக்குள் சுற்றிவரும் டிராலி வண்டிகள் இலவசம். டவுன்டவுனில் தலைக்கு மேலே ஓடும் மெட்ரோமூவர் என்ற குட்டி ரயிலும் இலவசம். குழந்தைகளை ஏற்றி ஒரு சுற்று சும்மா சுற்றி வரலாம், அதற்கே ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருப்பார்கள். ஃபோர்ட் லாடர்டேலில் விமானம் இறங்கினால் பிரைட்லைன் ரயிலில் மயாமி வரலாம், ஆனால் விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்குத் தனியாக ஒரு வண்டி பிடிக்க வேண்டும்.

விசா விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

நிதானமாகப் படியுங்கள். கடற்கரையைக் கோட்டைவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம், இதைக் கோட்டைவிட்டால் கப்பலே கிடையாது.

மயாமியில் ஏறி மயாமியிலேயே இறங்கினாலும் நடுவே வேறு நாடு போய்வருகிறீர்கள். அமெரிக்கக் குடிமக்கள் இத்தகைய சுற்றுப் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசு அடையாள அட்டையும் வைத்துக்கொண்டே போகலாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் அந்த அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கையோடு வைத்திருங்கள்.

அப்பா அம்மா பி1/பி2 என்ற பார்வையாளர் விசாவில் வந்திருந்தால், அது பலமுறை நுழையும் அனுமதியுள்ளதா என்று பாருங்கள். க்ரூஸ் போய்வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பக்கத்துத் தீவுகளுக்குக் குறுகிய பயணம் போய்த் திரும்புகிறவர்களைப் பழைய ஐ-94 தேதிக்கே (எதுவரை தங்கலாம் என்று நுழைவின்போது பதிவான தேதி) அனுமதிக்க அதிகாரிக்கு இடம் உண்டு. திரும்பும் விமானச் சீட்டைப் பழைய தேதிக்குள்ளேயே வைத்திருங்கள்.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும், செல்லுபடியான ஐ-94-ஐ வைத்து முப்பது நாளுக்குள் திரும்பி வர ஒரு சலுகை உண்டு. ஆனால் அவர்களுக்கு அது கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் மட்டும். கப்பல்கள் நிற்கும் கோசுமெல் தீவு மெக்ஸிகோவில் இருக்கிறது, சரி. அதே கப்பல் பஹாமாஸிலும் நின்றால் சலுகை போயிற்று. எஃப்-1, ஜே-1 மாணவர்களுக்கு கியூபா நீங்கலாகப் பக்கத்துத் தீவுகளும் சலுகையில் சேரும். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் முன்பணம்கூடக் கட்ட வேண்டாம்.

கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். செல்லுபடியான அமெரிக்க விசா இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. எல்லாத் தீவும் அப்படி இல்லை. அந்தத் தீவில் நாங்கள் இறங்கவே மாட்டோம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஏறும் இடத்திலேயே காகிதத்தைப் பார்ப்பார்கள்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இதமான வெயில், மழை குறைவு, வாடகை கூடுதல். ஜனவரியில் கடல் நீர் 23, 24 டிகிரி செல்சியஸ் இருக்கும்; அமெரிக்கர்கள் குதிப்பார்கள், நம் பெரியவர்கள் காலை நனைத்துவிட்டு மேலே வந்துவிடுவார்கள். மார்ச்சில் கல்லூரி விடுமுறைக் கூட்டம் சவுத் பீச்சை நிரப்பும், போலீஸ் கெடுபிடியும் இருக்கும். குடும்பத்தோடு அந்தச் சமயம் வேண்டாம். ஆகஸ்டில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும், வெந்நீர்தான். பிற்பகல் ஆனால் இடி மின்னலோடு ஒரு மழை கொட்டிவிட்டு ஓயும்.

சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம். புயல் வந்தால் கப்பல் வழியை மாற்றிக்கொண்டு போய்விடும், கரையில் தங்கியிருக்கும் நீங்கள்தான் மாட்டுவீர்கள். பயணக் காப்பீட்டைப் பதிவு செய்யும்போதே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் சூட்டிய பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது.

கடலில் இறங்கலாமா? நீச்சல் தெரியாது.

இறங்கலாம், உயிர்காப்பாளர் கோபுரத்துக்கு எதிரே மட்டும். கிழக்கே பஹாமாஸின் மணல்திட்டுகள் பெருங்கடல் அலையைத் தடுத்துவிடுவதால் மெரினாவில் போல ஆளைப் புரட்டும் அலை பெரும்பாலும் இருக்காது. பார்த்தால் ஏரி மாதிரி இருக்கும். அதில்தான் ஏமாறுகிறோம். கிழக்குக் காற்று ஓங்கி அடிக்கும் நாளில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உருவாகும். இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை ஆட்டுங்கள்.

கோபுரத்தில் பறக்கும் கொடியைப் பாருங்கள். பச்சை என்றால் அமைதி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து, இரண்டு சிவப்பு என்றால் கடல் மூடியாயிற்று. ஊதா என்றால் சொறிமீன் வகையறா வந்திருக்கிறது. நீலப் பலூன் போல மணலில் ஒன்று கிடந்தால் குழந்தை தொட்டுவிடாமல் பாருங்கள். போர்ச்சுகீஸ் மேன் ஓ வார் என்ற அது செத்துக் கிடந்தாலும் கொட்டும். வசந்தத்திலும் கோடையிலும் சர்காசம் என்னும் பழுப்புக் கடல்பாசி கரையில் ஒதுங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான் காரணம்.

நம் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறவர்கள் கப்பலின் முதல் இரண்டு நாளைத் தோள் எரிச்சலோடு கழிப்பார்கள். நானும் கழித்திருக்கிறேன். சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

என்னதான் பார்ப்பது?

ஓஷன் டிரைவில் காலை எட்டு மணிக்கு நடங்கள், இரவில் வேண்டாம். 1926-இல் அடித்த பெரும் சூறாவளிக்குப் பிறகு, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஆர்ட் டெகோ என்ற அந்தக் காலத்துக் கட்டடப் பாணியில் எழுந்த கட்டடங்கள் வரிசையாக நிற்கும். ஜன்னலுக்கு மேலே புருவம் போல நீண்டிருக்கும் சிமென்ட் விளிம்பைப் பாருங்கள். அதற்கு 'ஐப்ரோ' என்றே பெயர். நம் வீட்டு சன்ஷேடு செய்யும் வேலைதான். சென்னைப் பாரிமுனையில் டேர் ஹவுஸைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பச் சாயல் உடனே பிடிபடும். எழுபதுகளில் இவற்றை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட இருந்தார்கள். பார்பரா பேர் கேப்பிட்மன் என்ற பெண்மணி ஆட்களைத் திரட்டிப் போராடியதால் 1979-இல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

மயாமியின் கியூபர் பகுதியான லிட்டில் ஹவானாவில் காயே ஓச்சோ, அதாவது 8-ஆம் தெரு. பூங்காவில் தாத்தாக்கள் டோமினோ ஆடுவார்கள். கடை ஜன்னலில் காபி கிடைக்கும். 'கஃபெசிட்டோ' என்று கேட்டால் ஒரு வாய்க்குக்கூடக் காணாத கிண்ணம். 'கொலாடா' கேட்டால் ஒரு பெரிய கோப்பையும் கூடவே குட்டிக் கோப்பைகளும் வரும், நாலைந்து பேர் பகிர்ந்து குடிக்க. தெரியாமல் ஒருவரே முழுதும் குடித்தால் அன்றிரவு சிவராத்திரி. பில்டர் காபிக்காரர்கள் 'கோர்ட்டாடிட்டோ' கேளுங்கள், பால் சேர்ந்திருக்கும்.

மூன்று நாள் இருந்தால் ஒரு நாள் எவர்கிளேட்ஸ். மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் ஷார்க் வேலி. பெயரில்தான் சுறா, இருப்பது முதலைக்கு உறவான அலிகேட்டர்கள். 15 மைல் சுற்றுப்பாதையில் டிராம் வண்டி போகும், பாதிவழியில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். அலிகேட்டரும் முதலையும் சேர்ந்து வாழும் ஒரே இடம் உலகத்தில் இந்தத் தெற்கு ஃபுளோரிடாதான். குளிர்காலத்தில் நீர் வற்றும்போது இவை குட்டைகளில் கூடும், நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் போனால் கொசுக்கள்தான் உங்களைப் பார்க்கும். இதைக் கப்பலுக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள். திரும்பும் வழியில் டயர் வெடித்தால் இரவெல்லாம் தூக்கம் போகும்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். கியூபா உணவகங்களில் கறுப்பு பீன்ஸும் சோறும் வறுத்த வாழைப்பழமும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். ஆனால் பீன்ஸில் சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டு போட்டுக் கொதிக்கவைப்பார்கள். கியூப ரொட்டியிலேயே வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேரும். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. பப்ளிக்ஸ் பலசரக்குக் கடைகள் பீச்சிலேயே இருக்கின்றன. தயிர், பழம், ரொட்டி வாங்கி அறையில் வைத்தால் பெரியவர்கள் பாடு நிம்மதி.

கப்பலில் முதல் நாள் இரவே சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைப் பணியாளரிடம் இந்திய சைவம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மறுநாளிலிருந்து தயாராக இருக்கும்.

பில்லில் டிப்ஸ் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா?

பீச்சில் பெரும்பாலும் ஆம், 18 அல்லது 20 சதவீதம். அப்படியிருந்தும் அட்டை இயந்திரம் இன்னொரு டிப்ஸ் கேட்டு விழிக்கும். 'சர்வீஸ் சார்ஜ்' வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

இந்தக் கேள்வி வராத பயணமே இல்லை. ஹோட்டல் அறையில் கண்ணைமூடிக்கொள்வார்கள். கப்பலில் முடியாது. சூடாகும் கம்பியுள்ள எதுவும் கூடாது: ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம். நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் வேறில்லை. ஊதுபத்தி, சூடம், மெழுகுவர்த்தியும் அதே பட்டியல்தான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சோதனை வாசலில் சொன்னால் சண்டை வரும். எக்ஸ்டென்ஷன் பெட்டிகளையும் பல நிறுவனங்கள் தடுக்கின்றன.

வீட்டில் செய்த சாப்பாட்டை ஏற்ற விடமாட்டார்கள், பிரிக்காத கடைப் பொட்டலம் பரவாயில்லை. ஆகவே முறுக்கு டின்னைப் பீச்சிலேயே காலி செய்துவிடுங்கள். புளியோதரைக்கும் அதுவே கதி.

ஏறும் நாள் எப்படிப் போகும்?

ஹோட்டலை விட்டுப் பதினோரு மணிவாக்கில் வெளியேற வேண்டியிருக்கும். துறைமுகத்தில் உங்களுக்கு ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள், கப்பல் நிறுவனத்தின் செயலியில் பதிவு திறக்கும் முதல் நாளிலேயே பதிவு செய்தால் பதினொன்றரை, பன்னிரண்டு கிடைக்கும். சவுத் பீச்சிலிருந்து மெக்ஆர்தர் பாலச்சாலை வழியாக வாட்சன் தீவு, அங்கிருந்து 2014-இல் திறந்த சுரங்கப்பாதையில் நேரே துறைமுகம், சுங்கம் இல்லை. போக்குவரத்து இல்லையென்றால் இருபது நிமிடம். வார இறுதியில் ஆறேழு கப்பல் நிற்கும் நாளில் இரட்டிப்பாகும்.

வாசலில் போர்ட்டர் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார், அவை சாயங்காலம்தான் அறை வாசலுக்கு வரும். பாஸ்போர்ட், மருந்து மாத்திரை, கண்ணாடி, குழந்தையின் மாற்றுடை, நீச்சலுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு வரிசையில் நின்று வியர்த்த ஒருவரைக் கண்ணால் பார்த்தேன்.

தலைசுற்றல் மாத்திரை எப்போது போடுவது?

முந்தைய இரவே, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. மயாமிக்கும் பஹாமாஸுக்கும் நடுவே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காற்று எதிர்த்து அடிக்கும் நாளில் அங்கே கடல் செங்குத்தாக எழும்பும், பெரிய கப்பலும் முதல் இரவிலேயே ஆடும்.

முந்தைய நாளைக் காலியாக விடச் சொன்னீர்களே, அன்று என்ன செய்வது?

துணியை மடித்து வையுங்கள். மத்தியானம் தூங்குங்கள். நாலு மணிக்குச் சவுத் பீச்சின் தெற்கு முனையில் இருக்கும் சவுத் பாயின்ட் பூங்காவுக்குப் போங்கள். துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் 'கவர்ன்மென்ட் கட்' கால்வாய் அதன் ஓரமாகவே ஓடுகிறது. அன்றைக்குக் கிளம்பும் கப்பல்கள் ஒவ்வொன்றாக, ஒரு தெருவே நகர்ந்து போவதுபோல, கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். அவற்றில் உங்கள் கப்பல் இருக்காது. அது இன்னும் போன வாரத்துப் பயணிகளோடு கடலில் வந்துகொண்டிருக்கிறது. விடிவதற்கு முன்தான் இதே கால்வாயில் நுழையும்.

மறுநாள் நீங்கள் வெளியேறும்போது மேல்தளத்தில் இடப்பக்கம் நில்லுங்கள். பூங்கா அந்தப் பக்கம்தான் வரும். கையசைப்பார்கள்.